எலிக்குப் போட்ட மாலை

சக்கரபாணி ஐயப்பனுக்கு மாலை போட்டது பக்தியால் அல்ல, எலியால். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் கார்த்திகையில் முதலியார்பேட்டையில் அவர் காலில் விழுந்து எழுந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. விழுந்த கும்பிடுகளைத் திருப்பித் தரச் சொல்லி அவர்களில் யாரும் இதுவரை வரவில்லை என்பது வேறு விஷயம்.

பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் அவருடையது. ஏழாம் வகுப்பை இரண்டு தரம் படித்ததால் எட்டாவது வரை படித்ததாகவே சொல்லிக்கொள்வார். மீசை முளைத்ததும் டவுனுக்கு வந்து ஒரு பஞ்சாலையில் பதிலி ஆளாகச் சேர்ந்தார். பதிலி என்றால், நிரந்தர ஆள் எவனுக்காவது காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றைக்கு வேலை. வராவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவன் எவன் முகமாவது வாடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். ஊரார் நோவில் சோறு தின்ற அந்தப் பாவம் தன்னை ஒருநாள் பிடிக்கும் என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம். பிறகு ஆலை படுத்துவிட்டது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மாட்டுத்தீவனக் கிடங்கில் லோடுமேன் ஆனார். தவிட்டு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பலகையில் ஓடி ஏறுகிற மனிதர், பக்கத்தில் ஒருவன் தும்மினால் மூட்டையோடு தள்ளி நிற்பார்.

அந்த வருஷம் புதுச்சேரியே கூனிக்கொண்டு நடந்தது. சிக்குன்குனியா என்று சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொண்டது; மூட்டுகள் அதற்கு முன்பே சுளுக்கியிருந்தன. தெருவில் வாலிபர்கள் கிழவர்களைப் போலச் சுவரைப் பிடித்து நடந்தார்கள். கிழவர்கள் நடக்கவேயில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் படுத்திருந்தது. காய்ச்சல் என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத காலம்.

சக்கரபாணியின் ஒரே மகள் கவிநிலா அப்போது ஒன்பதாவது. அரையாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் படிக்கிறாள் என்றால் தெருவே படிக்கிறது என்று பொருள். அந்தக் குரலுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் ஆடுமாடுகள்கூட வரலாற்றில் தேறியிருக்கும். டியூஷன் வாத்தியார் குறித்துக் கொடுத்த முக்கியமான கேள்விகளை மட்டும் படிப்பாள். மற்றதெல்லாம் சாய்ஸில் போய்விடும். அந்த வாரத்து முக்கியமான கேள்வி: ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவிய விதத்தையும் அதன் விளைவுகளையும் விளக்குக. ஐந்து மதிப்பெண்.

வேலை விட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருக்கும் சக்கரபாணியின் காதில் தினமும் ஐரோப்பா விழுந்தது. நோய் ஆசியாவிலிருந்து வணிகர்களின் வழியே கருங்கடலுக்கு வந்தது. அங்கிருந்து கப்பலேறி மெசினா துறைமுகத்தில் இறங்கியது. முதலில் எலிகள் செத்தன. செத்த எலியை விட்ட தெள்ளுப்பூச்சி மனிதனைக் கடித்தது. காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டியது. சில நாளில் சாவு. மூன்றில் ஒருவர் மாண்டனர். ஓடியவர்கள் நோயையும் சேர்த்துக் கொண்டு ஓடினர். நோய் கண்ட வீடுகளை உள்ளே ஆளோடு பூட்டினர். கிணற்றில் விஷம் கலந்ததாக யூதர்கள் மேல் பொய்ப்பழி போட்டுக் கொன்றனர். ஆள் குறைந்ததால் கூலி உயர்ந்தது. தகப்பன் பிள்ளையைக் கைவிட்டான். பிற்காலத்தில் துறைமுகங்களில் கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்தினர்.

தகப்பன் பிள்ளையைக் கைவிட்ட இடத்தில் சக்கரபாணிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, பெத்த தகப்பனா?"

"ஆமாப்பா. நாலாவது பாயின்ட்டு. குறுக்க பேசாத, மறந்துடும்."

அவருக்கு அது மறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, அவன் என்ன மனுஷன் என்று அஞ்சலாட்சியிடம் கேட்டார். எவன் என்று அவர் மனைவி கேட்டதற்கு ஐரோப்பாக்காரன் என்றார். பக்கத்து வீட்டுச் சண்டையே தனக்குத் தலைக்குமேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் குழம்பு ஊற்றினாள்.

இரண்டு நாள் கழித்துக் கிடங்கில், பட்டப்பகலில், ஓர் எலி தவிட்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. ஆளைக் கண்டு ஓடவில்லை. சாராயக்கடையிலிருந்து வருகிற மாதிரித் தள்ளாடி நாலடி நடந்து, சக்கரபாணியின் கால் பக்கத்தில் பக்கவாட்டில் சாய்ந்தது. காலை ஒரு தடவை உதறியது. அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் உத்தரத்திலிருந்து இன்னும் சில பொத்துபொத்தென்று விழுந்தன. கூட வேலை செய்த பக்கிரி அவற்றை வாலைப் பிடித்துத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினான். வாயாடியான பக்கிரி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சக்கரபாணி முதலாளி ஜானகிராமனிடம் போய் எலி ஏன் சாகிறது என்று கேட்டார். முதலாளி கண்ணாடியைத் துடைத்தபடி, வயசாகிச் செத்திருக்கும், வெளியில் சொல்லிக்கொண்டு திரியாதே என்றார். ஒரே நாளில் அத்தனை எலிக்கும் எப்படி வயதாகும் என்று கேட்கச் சக்கரபாணிக்கு வாய் வரவில்லை. திண்டிவனம் பக்கம் போகிற லாரியில் அன்று அவர் ஏற்றிய மூட்டைகள் கிளம்பிப் போயின. லாரி கேட்டைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அது கப்பலாகத் தெரிந்தது.

நாலாம் நாள் அவருக்குக் குளிர்காய்ச்சல். போர்வைக்குள் சுருண்டு கிடந்தவர் புரண்டு படுத்தபோது தொடையிடுக்கில் சுருக்கென்றது. தொட்டுப் பார்த்தார். எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி.

நெறி கட்டுவது ஒன்றும் புதிதல்ல. அவர் ஊரில் எவனுக்காவது நெறி கட்டினால் முதலில் காலைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். எங்காவது புண் இருக்கும். சக்கரபாணி காலில் சேற்றுப்புண் இருக்கத்தான் இருந்தது. மழைக்காலத்தில் லோடுமேன் காலில் சேற்றுப்புண் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஊரில் நெறி கட்டியபோது எலி சாகவில்லையே. எலி, காய்ச்சல், கட்டி என்று மூன்றும் புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே வந்திருந்தன. அடுத்த வரி என்ன என்று அவருக்கு மனப்பாடம்.

இங்கேதான் நல்ல மனிதன் எவனும் ஆஸ்பத்திரிக்குப் போவான். சக்கரபாணியும் செருப்பை மாட்டினார். மாட்டியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த விடையில் கப்பல் இருந்தது, எலி இருந்தது, சாவு இருந்தது. மருந்து என்று ஒரு சொல் இல்லை. ஆளோடு வீட்டைப் பூட்டினர் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. வாய் திறந்து சொன்னால் தன்னோடு அஞ்சலாட்சியையும் பிள்ளையையும் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சொல்லாமல் கிராமத்துக்கு ஓடினால் நோயையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே அண்ணன் வீட்டில் குழந்தைகள் இருந்தன. வீட்டோடு இருந்தால், இரண்டு பாய் விரித்தால் கதவு திறக்க முடியாத அந்த அறையில், பக்கத்துப் பாயில் கவிநிலா படுப்பாள்.

ஒரு மனிதன் தன் சொந்த வீட்டிலேயே நாற்பது நாள் தனிப்பாய், தனித்தட்டு, யார்மீதும் படாமல், யாரும் ஏன் என்று கேட்காமல் ஒதுங்கியிருக்க வழி உண்டா? நம் ஊரில் உண்டு. கார்த்திகை பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலை கடையில் ஒரு துளசிமணி மாலையும் கறுப்பு வேட்டியும் வாங்கி, தெருமுனைப் பிள்ளையார் எதிரில் நின்று, தானே தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். சாமி, உன் பேரைச் சொல்லி ஏமாற்றுகிறேன், கணக்கை என்னோடு மட்டும் வைத்துக்கொள் என்று பிள்ளையாரிடம் சொன்னார். பிள்ளையார் தம்பி விவகாரத்தில் தலையிடவில்லை.

முதல் நாள் வரைக்கும் வஞ்சிரக் கருவாடு இல்லாமல் சோற்றைத் தொடாத மனிதர் கறுப்பு வேட்டியோடு வந்து நின்றதும் அஞ்சலாட்சி வாயில் கை வைத்தாள். குடியை நிறுத்தச் சொல்லி எத்தனை வருஷமாகக் கேட்டாள், அப்போதெல்லாம் வராத சாமி இப்போது எங்கிருந்து வந்தது என்றாள். ஆனாலும் உள்ளூர அவளுக்குச் சந்தோஷம்தான். மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை ஒன்று இருந்தது. விரதம் கடுமையானது, யாரும் மேலே வரக்கூடாது, சோற்றை இலையில் வைத்துப் படியில் வைத்துவிட்டுப் போ, இலையை நானே கொளுத்திவிடுவேன் என்று சக்கரபாணி சொன்னார். இலையைக் கொளுத்துகிற விரதத்தை அவள் கேள்விப்பட்டதில்லை. சாமி காரியம் என்று விட்டுவிட்டாள்.

திட்டம் கச்சிதம். ஒரே ஒரு ஓட்டை. மாலை போட்டவனை ஊர் ஒதுக்காது, தேடி வரும்.

மாடியிலிருந்து தண்ணீருக்கு இறங்கும்போதெல்லாம் யாராவது காலில் விழுந்தார்கள். எதிர்வீட்டுக்காரி காய்ச்சலில் கிடந்த தன் பேரனைத் தூக்கி வந்து, சாமி கையால் விபூதி வையுங்கள் என்றாள். சக்கரபாணி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, விபூதியைத் தூரத்திலிருந்து தூவினார். அது குழந்தையின் கண்ணில் விழுந்தது. சாமிக்கு ஆவேசம் அதிகம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதனால் இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

குருசாமி கோவிந்தராசு வந்ததுதான் பெரிய சோதனை. பதினெட்டு வருஷம் மலைக்குப் போனவர். முதலியார்பேட்டையில் அவர் கை படாமல் ஒரு மாலை ஏறாது. கீழே நின்று கொட்டகையைப் பார்த்துக் கேட்டார்.

"சாமி, உமக்கு யாரு மால போட்டது?"

"நானேதான் சாமி."

"நீயே போட்டுக்க அது இன்னா துண்டா? எறங்கி வா. வெள்ளிக்கெழம நம்ம வூட்ல பூஜ, எல்லா சாமியும் ஒரே பந்தில ஒக்காந்து சாப்புடணும்."

"நான் வரக்கூடாது சாமி."

"ஏன்?"

 தனக்குக் கனவில் அப்படி உத்தரவானதாகச் சக்கரபாணி சொன்னார்.  கனவு வரை போன விஷயத்தில் குருசாமியானாலும் என்ன செய்ய முடியும். மாலை போட்டுவிட்டால் விடியலில் பச்சைத்தண்ணிக் குளியல், சாயங்காலம் ஒரு குளியல், காலில் செருப்பு கூடாது, இதில் ஒன்று குறைந்தாலும் தெய்வக் குற்றம் என்று கோவிந்தராசு எச்சரித்துவிட்டுப் போனார்.

தெய்வத்தை ஏற்கெனவே ஏமாற்றிக்கொண்டிருந்தவருக்கு இதிலாவது சுத்தமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. குளிர்காய்ச்சல் உடம்போடு கார்த்திகை மழையில் இரண்டு வேளை தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வெறுங்காலோடு தெருத் தண்ணீரில் நடந்து கோயிலுக்குப் போய்த் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். சேற்றுப்புண் வாய் பிளந்தது. கட்டி வீங்கியது. காலை அகட்டி வைத்து நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் கட்டியைத் தொட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் அது புத்தகத்தின் பக்கம்தான் சாய்ந்தது.

ஒரு மத்தியானம் பக்கிரி வந்தான். மாடிப்படியின் அடியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். குனிந்து வந்தவன் நிமிரவே இல்லை. கும்பிடுவதற்காகக் குனியவில்லை, காய்ச்சலில் அவன் முதுகு அப்படியே நின்றுவிட்டிருந்தது. எலி இன்னும் விழுகிறதா என்று சக்கரபாணி மேலேயிருந்து கேட்டார். பக்கிரி கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டு, அந்தப் பேச்சு நமக்கு எதற்கு என்றான். சக்கரபாணி கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். தன் பக்கத்தில் நின்றவன். செத்த எலியை வெறுங்கையால் தொட்டவன். கணக்கு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கவிநிலாதான் அடங்கவில்லை. அப்பா முகத்தைப் பார்த்து ஒரு வாரம் ஆயிற்று என்று படியேறி வந்தாள். பாதிப் படி வருவதற்குள் சக்கரபாணி ஒரு கத்து கத்தினார். பிறந்ததிலிருந்து அவளை 'டி' போட்டு ஒரு சொல் சொல்லாதவர், அன்றைக்குக் கீழே போடி என்றார். அவள் இறங்கிப் போனாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, அதே பாதிப் படியில் உட்கார்ந்து, வேண்டுமென்றே இன்னும் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். இப்போது அறிவியல். ஒளிச்சேர்க்கை. சக்கரபாணி கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இலை எப்படிச் சோறு ஆக்குகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். போகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தினமும் அந்தப் பாடம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டார்.

அப்புறம் ஒரு காலையில் படியில் சத்தமில்லை.

அஞ்சலாட்சி கீழேயிருந்து குரல் கொடுத்தாள். பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை, இறங்கி வா என்றாள். சக்கரபாணி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். 

"அக்குள்ள பாரு. தொடையிடுக்குல பாரு. கட்டி இருக்குதா?"

"இன்னா பேச்சு பேசற நீ? மால போட்ட வாயா இது?"

"அஞ்சலாட்சி, பாரு. பாத்துட்டுச் சொல்லு."

அவள் பார்க்கவில்லை. தடதடவென்று படியேறி மேலே வந்தாள். சக்கரபாணி கொட்டகையின் கடைசி மூலைக்குப் போய், வராதே வராதே என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். எலி, கட்டி, கப்பல், பூட்டிய வீடு, நாற்பது நாள். தான் கெட்டது போதாதென்று பிள்ளைக்கும் வந்துவிட்டது, பாதிப் படியில் உட்கார விட்டது தன் தப்பு என்றார். அஞ்சலாட்சிக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் அவள் முகம் வெளுத்தது. ஆனால் பின்னால் போகவில்லை. நேராக வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"செத்தா மூணு பேரும் ஒண்ணா சாவுலாம். எறங்கு கீழ. ஆட்டோ கூப்புடு."

அந்த வாரம் பக்கத்திலிருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் காய்ச்சல் முகாம் நடந்தது. மணமக்கள் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, மேடையில் ஒரு டாக்டரம்மா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பந்திப் பலகைகளில் நோயாளிகள். முகூர்த்த நாளில்கூட அந்த மண்டபத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. கவிநிலாவை ஒரு பெஞ்சில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டாள் அஞ்சலாட்சி. பெண்ணின் விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தன. சக்கரபாணி தூண் ஓரம், யாரும் படாத தூரத்தில் நின்றார். வரிசை நகரவே இல்லை. சாமி சரணம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெரியவர் காலைத் தொடக் குனிந்தார். சக்கரபாணி விலகினார். இன்னொருவர் வந்தார். இருமிக்கொண்டிருந்த குழந்தைகள் கவிநிலாவின் பெஞ்சுக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தன. இதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. மேடைக்குக் கீழே போய், எட்டி நின்று கைகூப்பினார்.

"அம்மா, எம் பொண்ண மொதல்ல பாருங்க. இது மூட்டுக்காய்ச்ச இல்ல. பிளேக்கு. எனக்கு நெறி கட்டியிருக்கு. வேல செய்யற எடத்துல எலி எல்லாம் வுழுந்து வுழுந்து செத்துச்சு."

பேச்சு பெரிதாக வரவில்லை. ஆனால் எலி என்ற சொல் கூட்டத்தில் நடந்துபோகிற வேகம் எலிக்கே கிடையாது.  அடுத்த நொடி நாற்காலிகள் சரிந்தன. முழங்கால் மடக்க முடியாமல் தூக்கிவரப்பட்டவர்கள் முதல் ஆளாக ஓடினார்கள். வாட்ச்மேன் வெளியே பாய்ந்து, இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தினான். ஒரு தாய் வெளியிலும் அவள் குழந்தை உள்ளேயும் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே சிக்கியவர்கள், இது எஸ்டேட்காரர்கள் கொண்டுவந்தது என்று சக்கரபாணியைப் பார்த்துக் கத்தினார்கள். யாரோ, எஸ்டேட் இல்லை, பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்திலிருந்து வருகிற கருவாட்டுக் கூடைதான் காரணம் என்றார்கள். கூடையோடு மாத்திரைக்கு வந்திருந்த ஒரு பெண்ணைச் சுற்றி இடம் காலியானது. வெளியே ஆட்டோக்காரர்கள் கூலியை இரண்டு பங்காக்கினார்கள். அப்புறம் அவர்களே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். டியூஷன் வாத்தியார் குறித்துக் கொடுத்த ஐந்து மதிப்பெண் விடை, கூலி உயர்வு உட்பட, ஒரு புள்ளி விடாமல் அந்தக் கால் மணி நேரத்தில் நடந்து முடிந்தது.

கவிநிலாவின் பெஞ்சைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் வெறிச்சோடிக் கிடந்தது. மாத்திரைப் பெட்டி வைத்திருந்த உதவிப்பெண் சமையற்கட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். கவிநிலா தண்ணீர் கேட்டாள். அஞ்சலாட்சி நாலு பக்கமும் பார்த்தாள். தண்ணீர் டிரம் பக்கத்தில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர்கூட டம்ளரை நீட்டவில்லை. நீட்டாதது மட்டுமல்ல, இந்தப் பக்கம் வராதே என்று ஒருவர் குடையை ஓங்கினார்.

ஒதுங்கி ஒதுங்கிப் பழகியவர்தான் சக்கரபாணி. தன்னால்தான் இந்த வட்டம் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தது. காலை அகட்டிக்கொண்டு டிரம்மை நோக்கி நடந்தார். கூட்டம் விலகியது. டம்ளரில் தண்ணீர் பிடித்தார். பெஞ்சுக்கு வந்து, ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்து, மகளின் கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கித் தண்ணீரைப் புகட்டினார். பாதி அவள் சட்டையில் சிந்தியது.

"போடின்னியே," என்றாள் கவிநிலா.

 சக்கரபாணி டம்ளரை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

டாக்டரம்மா அதற்குள் மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். மூக்கைக்கூட மூடவில்லை. முதலில் பெண்ணைப் பார்த்தார். அக்குள், கழுத்து, முட்டி, விரல் கணு என்று அழுத்தினார். கட்டி கிட்டி ஒன்றுமில்லை, ஊருக்கே வந்திருப்பதுதான் உனக்கும் என்றார். அப்புறம் சக்கரபாணி பக்கம் திரும்பினார்.

"சாமி, காலக் காட்டுங்க."

புதுச்சேரியில் டாக்டருக்குப் படித்தாலும் காலைக் காட்டு என்றுதான் முதலில் சொல்கிறார்கள். கட்டைவிரல் இடுக்கில் புண் வெளுத்துப்போய் வெடித்திருந்தது. கணுக்கால் லேசாக வீங்கியிருந்தது. திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கட்டியைப் பார்த்துவிட்டு வந்து, இது யானைக்கால் கொசு செய்கிற வேலையாக இருக்கலாம், சேற்றுப்புண்ணும் சேர்ந்துகொண்டிருக்கிறது என்றார். ராத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் புழு தெரியும், ஆள் அனுப்புகிறேன் என்றார். வருஷாவருஷம் வீட்டுக்கு வந்து கொடுக்கிற யானைக்கால் மாத்திரையைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சக்கரபாணி தலையைச் சொறிந்தார். வாங்கிய மாத்திரையையெல்லாம் கொல்லைப்புற முருங்கைக்குப் போட்டதை அஞ்சலாட்சிதான் சொன்னாள்.

"அப்ப எலி?" என்றார் சக்கரபாணி. அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

மூலையிலிருந்து ஒரு முனகல் வந்தது. பக்கிரி. எல்லாரும் ஓடியபோது முதுகு நிமிராததால் ஓட முடியாமல் பெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தவன்.

"அண்ணே, மொதலாளிதான் மசால்வடையில மருந்து தடவி வெக்கச் சொன்னாரு. தீவனத்துல வெஷம்னு பேர் வந்துடும், மூச்சு வுடாதன்னாரு. நீ கேட்டப்பவே சொல்லியிருப்பேன். வேல பூடுமேன்னு இருந்துட்டேன்."

 டாக்டரம்மா வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டைத் திறக்கச் சொன்னார். ஓங்கிய குடைக்காரர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் அப்போதே சந்தேகப்பட்டதாகச் சொன்னார். கருவாட்டுக்கூடைப் பெண் மட்டும் திரும்பி வரிசையில் நிற்கவில்லை. கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மாத்திரையை எழுதிக்கொண்டே டாக்டரம்மா, நிஜமாகப் பிளேக்காகவே இருந்தாலும் இன்றைக்கு அதற்கு மருந்து இருக்கிறது, முதல் நாளே வந்தால் பிழைத்துவிடலாம், அதையும் எங்காவது படித்திருக்கக் கூடாதா என்றார்.

"அது கடேசி பாராவுல இருந்துச்சு மிஸ்," என்றாள் கவிநிலா, கண்ணைத் திறக்காமலே. "சாய்ஸ்ல வுட்டுட்டேன்."

வெளியே ஓர் ஆட்டோவும் இல்லை. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பெண்ணால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. சக்கரபாணி அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். அஞ்சலாட்சி பிடித்து ஏற்றிவிட்டாள். தொடையிடுக்கில் கட்டி சுண்டி இழுத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மூட்டையாட்டம் தூக்கறப்பா."

"வேற மாதிரி தூக்கத் தெரியாதும்மா."

அவள் விறைத்த விரல்களால் மாலையைப் பிடிக்கக்கூடாது என்று தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் அதையே பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், நீ செத்துப்போய்விடுவாய் என்று தெரிந்துதான் மேலே போய் உட்கார்ந்தாயா என்று அவர் காதுக்குப் பக்கத்தில் கேட்டாள். சக்கரபாணி பள்ளம் பார்த்து நடப்பவரைப் போலக் குனிந்தே நடந்தார். எதிரே வந்த ஒருவர் சாமி சரணம் என்றார். பதிலுக்கு இவரும் சரணம் என்றார். இந்தத் தரம் விலகவில்லை.

பெண்ணின் செருப்பையும் மாத்திரைப் பொட்டலத்தையும் கையில் பிடித்தபடி அஞ்சலாட்சி பின்னால் வந்துகொண்டிருந்தாள். தெருமுனை திரும்பும்போது சொன்னாள்.

"பாயக் கீழ எடுத்தாந்துடு."